கலாம் விஞ்ஞானியே இல்லை என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ஆய்வுக் கட்டுரைகளால் பெயர் வாங்கியவர் அல்ல அவர், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர். ஆனால் பெரிய குழுவைக் கட்டி மேய்த்து வேலையை முடிப்பதும் அறிவுதானே? 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். துவண்டுபோன அதே குழுவோடு 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் ஏற்றினார். இதைப் போய் மட்டம் தட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது.

குடியரசுத் தலைவராக அவரிடம் எனக்குக் குறை உண்டு. 2006இல், எம்.பி.க்கள் ஆதாயம் தரும் சில அரசுப் பதவிகளையும் வகிக்க வழிசெய்த ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பியது துணிச்சல். 2005இல் மாஸ்கோவில் இருந்தபடி பீகார் சட்டமன்றக் கலைப்புக்கு ஒப்புதல் தந்தது சறுக்கல். அந்தக் கலைப்பு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். கருணை மனுக்களில் பெரும்பாலானவற்றை முடிக்காமலே விடைபெற்றார். மரண தண்டனையை மனதார விரும்பாத மனிதர், தண்டனையைக் குறைத்தாவது எழுதியிருக்கலாம்.