இரவு நகரில் புதிய இசை

கேள்வி: வேலைக்காகப் பெருநகரம் ஒன்றில் அண்மையில் குடியேறியிருக்கிறேன். இரவில் நடன இசை, இண்டி (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத குழுக்களின் இசை), பரிசோதனை இசை ஆகியவற்றைக் கேட்க எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: பெரிய அரங்குகளின் விளம்பரங்களை விட்டுவிட்டு, நூறு பேர் நெருக்கியடித்து நிற்கும் சிறு கூடங்களிலிருந்து தொடங்குங்கள், புதிய இசை பெரும்பாலும் அங்கேதான் முதலில் ஒலிக்கிறது. சிகாகோவில் 1977ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'வேர்ஹவுஸ்' என்ற ஆடல் விடுதியில், ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே இசைத்தட்டுகளை இடைவெளியின்றிக் கோத்து இரவெல்லாம் கூட்டத்தை ஆடவைத்தார்; அவ்விடத்தின் பெயர் சுருங்கியே 'ஹவுஸ்' என்ற நடன இசை வகைக்குப் பெயரானது என்பார்கள். ஆகவே, கலைஞரின் பெயரோடு அரங்கின் பெயரையும் நிகழ்ச்சியை அமைப்பவரின் பெயரையும் குறித்துக்கொண்டு, பிடித்துப்போனால் அவர்கள் நடத்தும் அடுத்த நிகழ்ச்சிக்கும் செல்லுங்கள். இண்டி நிகழ்ச்சிகளில், முதலில் வாசிக்கும் பெயர் தெரியாத குழுவைத் தவறவிடாதீர்கள்.

பரிசோதனை இசைக்கு ஆடல் விடுதிகளைவிடக் கலைக்கூடங்களே ஏற்றவை; நியூயார்க்கில் 1971இல் தோன்றிய 'தி கிச்சன்' அத்தகையது. முதல் இருபது நிமிடம் ஒன்றும் பிடிபடாமல் போகலாம் (எனக்கும் அப்படித்தான் இருந்தது), எழுந்துவிடாதீர்கள். காதடைப்பானையும் மறவாதீர்கள்: 100 டெசிபல் ஒலியைக் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குத் தீங்கு.