சைக்கிள் சீட் போஸ்ட் பிரேமுக்குள் இறுகிவிட்டது, அசையவே இல்லை. எப்படிக் கழற்றுவது?

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். காப்பாற்ற வேண்டியது பிரேமை. போஸ்ட் என்பது சீட்டைத் தாங்கும் குழாய்தான், அது போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து, எந்த உலோகத்துக்குள் எது மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் அநேகமாக ஸ்டீல். ஸ்டீல் பிரேமுக்குள் அலுமினிய போஸ்ட் இருந்தால்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லை. இரண்டுக்கும் நடுவே மழைநீரும் வியர்வை உப்பும் இறங்க இறங்க, அலுமினியம் அரிக்கிறது. அதில் உண்டாகும் வெள்ளை ஆக்சைடு, அரித்துப்போன உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். இடைவெளி மயிரிழைதான் என்பதால் ஆப்பு அடித்தது போல இறுகிவிடுகிறது.

போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்பைத் தளர்த்தினால் போதாது, கழற்றியே எடுத்துவிடுங்கள். போஸ்ட் இறங்கும் பிரேம் குழாயான சீட் டியூபில் தண்ணீர் பாட்டில் மாட்டும் போல்ட் இருந்தால் அதையும் எடுங்கள். சில சமயம் நீளமான போல்ட்டின் நுனியே போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு மேல் விளிம்பிலும் பிளவிலும், இடுக்கில் ஊறி இறங்கும் பெனட்ரேட்டிங் ஆயில் விடுங்கள். பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சீட் டியூப் வழியாகவும் ஊற்றினால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். இங்கே பொறுமை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

அப்புறம், நேராக இழுக்காதீர்கள், திருப்புங்கள். சீட்டைப் பிடித்துத் திருகினால் சீட்டின் கம்பிதான் முதலில் வளையும். சீட்டையும் சக்கரங்களையும் கழற்றிவிட்டு, பிரேமைக் கவிழ்த்து, போஸ்ட்டின் தலையை மேசையில் பொருத்திய வைஸில் கடித்துப் பிடிக்கவிடுங்கள். இப்போது முழு பிரேமும் உங்கள் நெம்புகோல். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். உடனே இன்னும் எண்ணெய் விட்டு, திருப்பியபடியே பிரேமை மேலே தூக்குங்கள். ஒரு ஆள் பலத்துக்கு அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மெல்லிய டியூப்கள் முறுக்கிக்கொள்ளும்.

நெருப்பு காட்டச் சொல்வார்கள். ஒரே சூட்டில் அலுமினியம் ஸ்டீலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் போஸ்ட் இன்னும் இறுகவே வாய்ப்பு, பெயின்ட்டும் போய்விடும். போஸ்ட்டைக் குளிரவைப்பதுதான் பலன் தரும். போஸ்ட்டோ பிரேமோ கார்பன் ஃபைபர் என்றால் சூடும் வேண்டாம், வைஸும் வேண்டாம், மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசி வழி அறுப்பது. வெளியே சுமார் 3 செ.மீ. விட்டு வெட்டிவிட்டு, ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் இரண்டு கோடு அறுத்து, அந்தப் பட்டையைப் பிளையரால் உட்பக்கமாக மடக்கி உருவ வேண்டும். பிளேடு பிரேமைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். வீட்டில் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

புது போஸ்ட்டைக் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள். கார்பனுக்கு மட்டும் அதற்கான பேஸ்ட். சில மாதங்களுக்கு ஒருமுறை உருவித் துடைத்து மறுபடி தடவுங்கள். கழற்றும் முன் உயரத்தை ஒரு டேப் ஒட்டிக் குறித்துவைத்தால் சீட்டைப் பழைய இடத்திலேயே மாட்டிவிடலாம்.