பாரி ஆலன் ஊரோடு வந்தார்

கேள்வி: ஒரு சூப்பர்ஹீரோ தொடர் நன்றாக ஓடுகிறது. அதில் வரும் ஒருவரைப் பிரித்துத் தனித்தொடர் எடுத்தால் ரசிகர்கள் கூடவே வந்துவிடுவார்கள், பாதி வேலை முடிந்த மாதிரிதான். அப்படியும் தோற்றால் அது எழுதுபவர்களின் சோம்பேறித்தனம்தானே?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: சோம்பேறித்தனம் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். கிளைத்தொடர் எழுதுபவருக்கு வேலை குறைவதில்லை, கூடுகிறது. புதுத் தொடர் எடுப்பவர் ஒரு கதையைக் காப்பாற்றினால் போதும். இவர் இரண்டைக் காப்பாற்ற வேண்டும். ஆளை அனுப்பிவிட்ட தாய்த்தொடர் பிறகும் நிற்க வேண்டுமே!

'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்' தொடரில் பாபி மோர்ஸ், லான்ஸ் ஹன்டர் என்று ஒரு ஜோடி. விவாகரத்து ஆகியும் பிரிய முடியாத உளவாளிகள். ரசிகர்களுக்கு ரொம்பப் பிடித்தவர்கள். இவர்களுக்குத் தனித்தொடர் என்று முடிவானது. அதற்காக 2016 மார்ச்சில் மூன்றாவது சீசனின் நடுவிலேயே வழியனுப்பினார்கள். ரஷ்யாவில் மாட்டிக்கொண்டதால் இனி ஷீல்ட் என்ற தங்கள் உளவு இயக்கத்தோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள முடியாத நிலை. ஒரு மதுக்கடையில் இருவரும் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைக்கு ஒரு கோப்பை வருகிறது. அப்புறம் இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தால் கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு மூலையில், யாரோ எவரோ போல அமர்ந்து, பேசாமல் கோப்பையை உயர்த்துகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் காட்சி அது.

அதே ஆண்டு மே மாதம், பைலட், அதாவது சோதனைக்கான முதல் எபிசோட், எடுத்து முடித்த பிறகு, ஏபிசி சேனல் அந்தத் தனித்தொடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தாய்த்தொடரில் அவர்கள் திரும்பி வரும் வழியையும் கதையே அடைத்திருந்தது. ஹன்டர் 2017 கடைசியில் ஒரே ஒரு எபிசோடுக்கு வந்துபோனார். பாபி வரவே இல்லை. இருந்ததும் போயிற்று, வர வேண்டியதும் வரவில்லை. அந்தக் காட்சியை எழுதியவர்களையா சோம்பேறிகள் என்கிறீர்கள்?

சரி, பிழை எங்கே? என் கணக்கில், அந்த இருவரின் அழகே அந்தக் கூட்டத்துக்குள் இருந்ததுதான். கூட வேலை செய்யும் மேக் பக்கத்தில் இருந்தால்தான் ஹன்டரின் வாய்த்துடுக்கு எடுபடும். கூட்டுக்குடும்பத்தில் கலகலப்பாக இருப்பவர் தனிக்குடித்தனத்திலும் அப்படியே இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இப்போது 'ஆரோ'வுக்கு வாருங்கள். இரண்டாவது சீசனின் 8, 9-ஆம் எபிசோடுகள், 2013 டிசம்பர். பின்னால் 'ஃபிளாஷ்' ஆகப்போகும் பாரி ஆலன் முதல்முறை வருகிறார். வரும்போதே அவருக்குச் சொந்தமாக சென்ட்ரல் சிட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது. தடயவியல் வேலை இருக்கிறது. சிறுவயதில் தாயைப் பறிகொடுத்த காயம், செய்யாத கொலைக்குச் சிறையில் கிடக்கும் தந்தை, யாரும் நம்பாத மின்னல் மனிதன், எல்லாம் இருக்கிறது. இவற்றில் எதற்கும் 'ஆரோ'வின் நாயகன் ஆலிவர் குயின் தேவையில்லை. வெறுங்கையோடும் போகவில்லை அவர். அதுவரை கண்ணைச் சுற்றிச் சாயம் பூசிக்கொண்டிருந்த ஆலிவருக்கு முகமூடி செய்து வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். அந்த முகமூடி 'ஆரோ'வில் தங்கிவிட்டது.

முதலில் அதே சீசனின் பிற்பகுதியில் ஒரு எபிசோடையே 'ஃபிளாஷ்' தொடரின் பைலட்டாக மாற்றும் திட்டம் இருந்தது. பாரி வந்த இந்த இரண்டு எபிசோடுகளின் ஆரம்பத் தொகுப்பைப் பார்த்த சேனல்காரர்கள், தனியாகவே பைலட் எடுக்கச் சொன்னார்கள். நல்ல முடிவு. 2014 அக்டோபரில் தொடங்கிய 'தி ஃபிளாஷ்' ஒன்பது சீசன் ஓடி 2023-இல் முடிந்தது. எட்டு சீசனோடு 2020-இல் நின்ற தாயைவிட நீண்ட ஆயுள்.

அதே 'ஆரோ' தன் கடைசி சீசனில் என்ன செய்தது? மொத்தமே பத்து எபிசோட். விடைபெறும் நேரத்தில், கடைசிக்கு முந்தையதை ஆலிவரின் மகள் மியாவை வைத்து 2040-இல் நடக்கும் இன்னொரு தொடரின் முன்னோட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டு சேனல் அதைக் கைவிட்டது. ஒரு நாயகனை வழியனுப்ப வேண்டிய எபிசோட் வீணானதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

எழுத்தாளர் கையில் இல்லாதவையும் உண்டு. 'ஸ்மால்வில்' தொடரின் படைப்பாளிகள் 2006-இல் அக்வாமேன் என்ற சூப்பர்ஹீரோவுக்கு ஒரு பைலட் எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து டபிள்யூபி, யுபிஎன் சேனல்கள் கலைந்து 'தி சிடபிள்யூ' உருவானது. புதுச் சேனல் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஐடியூன்ஸில் விற்றபோது நிறைய பேர் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தார்கள்.

இன்னொரு தலைவலி, தாயையும் கிளையையும் கட்டும் கயிற்றை எவ்வளவு நீளம் விடுவது என்பது. 'தி பாய்ஸ்' தொடரின் கிளையான 'ஜென் வி'யில், கல்லூரிக்கு அடியில் ரகசியமாக ஒரு வைரஸ் உருவாகிறது. 2024-இல் வந்த 'தி பாய்ஸ்' நான்காவது சீசனில் அந்த வைரஸ் முக்கியமான பொருளாகிவிட்டது. 'ஜென் வி' பார்க்காதவருக்கு அது வானத்திலிருந்து விழுந்த மாதிரிதான் இருந்திருக்கும். பார்வையாளருக்கு வீட்டுப்பாடம் கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

இந்தக் கயிறு விஷயத்தில் நான் மதிப்பது பழைய 'பயோனிக் வுமன்' தொடரைத்தான். 'சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' தொடரில் நாயகன் ஸ்டீவ் ஆஸ்டினின் காதலி ஜேமி சாமர்ஸ் 1975-இல் இறந்துபோனார். ரசிகர்கள் பொறுக்கவில்லை. உயிர் பிழைக்கவைத்தார்கள், ஆனால் ஸ்டீவைக் காதலித்த நினைவு மட்டும் போய்விட்டது என்று எழுதினார்கள். அந்த ஒரு வரியால் ஜேமி யாருடைய காதலியாகவும் இல்லாமல் தன் கதைக்குச் சொந்தக்காரி ஆனாள். 1976 ஜனவரியில் தனித்தொடர். ஒஹாய் ஊரில் பள்ளி ஆசிரியை. குடியிருப்பதோ ஸ்டீவின் பெற்றோர் வீட்டு வளாகத்தில்! உறவும் அறவில்லை, நிழலும் விழவில்லை. லிண்ட்சே வாக்னர் அந்த வேடத்துக்காக 1977-இல் எம்மி விருது வாங்கினார்.

நேரம் கிடைத்தால் 'ஆரோ'வின் அந்த இரண்டு எபிசோடுகளையும், அடுத்து 'ஃபிளாஷ்' முதல் எபிசோடையும் தொடர்ச்சியாகப் பாருங்கள். ஆலிவர் முகமூடியை முதல்முறை மாட்டுவதையும், சென்ட்ரல் சிட்டியில் பாரி மேல் மின்னல் விழுவதையும் கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.