போக்கிமான் ஸ்கார்லெட், வயலட் கேமின் 'இண்டிகோ டிஸ்க்' டிஎல்சியில் (கேமோடு கூடுதலாக வாங்கிச் சேர்க்கும் பகுதி) புதிதாக என்ன இருக்கிறது? மெயின் கதையை முடித்தவர்கள் விளையாட வேண்டுமா?

விளையாடுங்கள். அதற்கு நான் சொல்லும் முதல் காரணம் புதிய போக்கிமான்கள் அல்ல. இந்தக் கதை நடக்கும் பள்ளியான ப்ளூபெர்ரி அகாடமிக்குள் காலெடுத்து வைத்த பிறகு, டிரெய்னர்களோடு போடும் சண்டை கிட்டத்தட்ட எல்லாமே டபுள்ஸ்தான். இரண்டுக்கு இரண்டு. காட்டுப் போக்கிமான்களோடு மட்டும் பழையபடி ஒன்றுக்கு ஒன்று.

கேட்கும்போது சின்ன மாற்றம் மாதிரி இருக்கும். மெயின் கதையில் நான் பெரிதாக யோசித்ததே இல்லை. கார்சோம்ப் என்ற போக்கிமானை முன்னால் விடுவேன், எர்த்குவேக் என்ற கிரவுண்ட் டைப் மூவை (தாக்குதலை) அடிப்பேன், வேலை முடிந்துவிடும். இங்கே வந்த முதல் நாளும் அதையேதான் செய்தேன். பக்கத்தில் நின்றது என் கோல்டெங்கோ. 999 காசு சேர்த்தால்தான் கிமிகூல் என்ற போக்கிமான் கோல்டெங்கோவாக மாறும். மூலை முடுக்கெல்லாம் அலைந்து சேர்த்தவை அவை. எர்த்குவேக் எதிராளிகள் இருவரையும் தாக்கியது, கூடவே என் கோல்டெங்கோவையும் தாக்கியது. அது ஸ்டீல் டைப், கிரவுண்ட் மூவ் இரண்டு மடங்காக விழும். அது தன் மூவைப் போடுவதற்கு முன்பே பாதிக்கு மேல் எச்பி (உயிர்ச்சக்தி) போய்விட்டது. எதிராளியின் அடுத்த அடியில் சாய்ந்தது. அந்த இடத்தில்தான் இது வேறு ஆட்டம் என்று எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு டீமையே பிரித்து அடுக்கினேன். எர்த்குவேக் வேண்டுமென்றால் பக்கத்தில் பறக்கும் போக்கிமான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் துணைக்கு நிற்பது அந்த டர்னில் (சுற்றில்), அடி படாமல் காக்கும் ப்ரொடெக்ட் மூவைப் போட வேண்டும். கோல்டெங்கோவின் மேக் இட் ரெய்ன் எதிராளிகள் இருவரையும் அடிக்கும், கூட நிற்பதைத் தொடாது. இத்தனை நாள் கையில் வைத்திருந்தும் அந்த மூவின் அருமை எனக்கு டபுள்ஸில்தான் தெரிந்தது.

புதிய போக்கிமான்களைப் பார்த்தாலும் இதே எண்ணத்தோடு உருவாக்கியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. டிப்ளின் ஹைட்ராப்பிளாக மாற அதற்கு டிராகன் சியர் என்ற மூவ் தெரிந்திருக்க வேண்டும். அந்த மூவ் கூட நிற்கும் துணைக்கு க்ரிட்டிகல் ஹிட் (வழக்கத்தைவிடப் பலமான அடி) வாய்ப்பைக் கூட்டும். துணை டிராகன் டைப்பாக இருந்தால் இன்னும் அதிகமாகக் கூட்டும். சிங்கிள்ஸில் அதற்கு ஒரு பயனும் கிடையாது. பரிணாம வளர்ச்சிக்கான நிபந்தனையே 'பக்கத்தில் ஒருவர் வேண்டும்' என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஆர்ச்சலூடானும் அப்படித்தான். டுராலூடானுக்கு மெட்டல் அலாய் என்ற பொருளைக் கொடுத்தால் அதுவாக மாறும். அதன் எலக்ட்ரோ ஷாட் முதல் டர்னில் சக்தியை ஏற்றிக்கொண்டு அடுத்த டர்னில்தான் சுடும். மழை பெய்தால் அதே டர்னில் சுட்டுவிடும், ஸ்பெஷல் அட்டாக்கும் ஒரு படி ஏறும். பக்கத்தில் ட்ரிசில் அபிலிட்டி உள்ள பெலிப்பரை நிறுத்துங்கள், களத்தில் இறங்கும்போதே மழை வந்துவிடும். இந்த ஜோடியைப் போட்டி ஆட்டக்காரர்களும் நிறையப் பயன்படுத்தினார்கள்.

டெரா (சண்டையின் நடுவில் போக்கிமானின் டைப்பை மாற்றும் வசதி) விஷயத்தில் ஸ்டெல்லார் என்ற புது வகை வந்திருக்கிறது. மற்ற டெராவில் தற்காப்பு டைப் மாறிவிடும். இதில் பழைய டைப் அப்படியே இருக்கும். அடிக்கும்போது ஒவ்வொரு டைப்புக்கும் ஒருமுறை மட்டும் கூடுதல் பலம் கிடைக்கும். டெராபாகோஸ் என்ற அரிய லெஜண்டரி போக்கிமானுக்கு மட்டும் அந்த 'ஒருமுறை' கட்டுப்பாடு இல்லை.

டெராரியம் என்பது அகாடமிக்குள் இருக்கும் பெரிய செயற்கை உலகம்: புல்வெளி, கடற்கரை, பள்ளத்தாக்கு, பனிப்பகுதி என்று நான்கு பகுதிகள். நாம் ஏறிச் செல்லும் கோரைடான், மிரைடான் கதையின் போக்கில் உண்மையாகவே பறக்கக் கற்றுக்கொள்ளும். அதுவரை மேலிருந்து மிதந்து இறங்கத்தான் முடிந்தது. அந்தப் பறத்தல் மெயின் கதை நடக்கும் பால்டியாவிலும், முந்தைய டிஎல்சி நடக்கும் கிடகாமியிலும் வேலை செய்யும். நான் உடனே பால்டியாவுக்குத் திரும்பிப் போய், நடந்தும் தாவியும் கடந்த மலைகளை மேலிருந்து பார்த்தேன். சிங்க்ரோ மெஷினையும் விட்டுவிடாதீர்கள், நம் போக்கிமானாகவே மாறி நடக்கலாம். சின்னப் போக்கிமானை எடுத்தால் கேமரா தரைக்கு இறங்கிவிடும், புல்லே உயரமாகத் தெரியும். வெற்றி தோல்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அரை மணி நேரம் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தேன்.

எனக்கு உடன்பாடில்லாத ஒன்று, பிபி (ப்ளூபெர்ரி பாயிண்ட்). காட்டுப் போக்கிமானைப் போட்டோ எடு, பொருள் பொறுக்கு, இத்தனை போக்கிமான் பிடி என்று சின்னச் சின்ன வேலைகள் வரும், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பாயிண்ட். முந்தைய தலைமுறைகளின் ஸ்டார்ட்டர் (கேமின் தொடக்கத்தில் கிடைக்கும்) போக்கிமான்கள் டெராரியத்தில் வர வேண்டுமானால் ஒரு பகுதிக்கு 3000 பிபி, நான்குக்கும் சேர்த்து 12000 கட்ட வேண்டும். தனியாக ஆடினால் கை ஓய்ந்துவிடும். பலர் ஒன்றாக ஆடும் யூனியன் சர்க்கிள் வசதியில் நண்பர்களோடு சேர்ந்து செய்தால் வேகமாகச் சேரும். நான் மூன்று பேரோடு சேர்ந்த பிறகுதான் முடித்தேன். தனியாக ஆடுகிறவர்களுக்கு இதை இன்னும் குறைத்திருக்க வேண்டும், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இந்த வேலைகளைச் செய்யச் செய்ய ஸ்னாக்ஸ்வொர்த் என்பவர் தின்பண்டங்கள் தருவார். ஒவ்வொன்றும் ரேக்குவாசா மாதிரி ஒரு பழைய லெஜண்டரியைப் பால்டியாவில் வரவழைக்கும்.

இண்டிகோ டிஸ்க் 2023 டிசம்பர் 14 அன்று வந்தது. அதே டிஎல்சி பேக்கின் முதல் பாதியான 'டீல் மாஸ்க்' அந்த வருடம் செப்டம்பர் 13 அன்று வந்தது. தனித்தனியாக விற்பதில்லை. இண்டிகோ டிஸ்க்கைத் தொடங்க மெயின் கதை, டீல் மாஸ்க் இரண்டையும் முடித்திருக்க வேண்டும். எதிராளிகளின் லெவலும் அதிகம், முன்பு எளிதாக ஜெயித்த டீமை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அகாடமியின் வலிமையான நான்கு டிரெய்னர்களான எலைட் ஃபோரில் ஒருவரான டிரேட்டன் வைக்கும் சோதனையில் டெராரியத்தில் பிடித்த போக்கிமான்களை மட்டும்தான் பயன்படுத்தலாம், அதனால் போன உடனே அங்கே நாலைந்தைப் பிடித்து வளர்க்கத் தொடங்குங்கள். டீமில் இரண்டுக்காவது ப்ரொடெக்ட் கற்றுக்கொடுங்கள். கிடகாமியில் சிரப்பி ஆப்பிள் கிடைத்தால் விற்றுவிடாதீர்கள். ஆப்ளினுக்குக் கொடுத்து டிப்ளினாக்கிக் கூடவே அழைத்துப் போங்கள்.