மிக்ஸிங் ரூம்: ஐயாயிரத்துக்குள் எந்த சாஃப்ட்வேர்?

கேள்வி: ஒரு ஸ்டூடியோவில் மிக்ஸிங் (வீடியோ எடிட்டிங்) வேலை பார்த்தேன். இப்போது காதணி விழா, வளைகாப்பு என்று சின்ன ஆர்டர்களைத் தனியாக எடுக்கிறேன். ஐ3 லேப்டாப், 8 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எடியஸ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக்கை (திருட்டுப் பதிப்பை) போட்டுத் தருவதாக நண்பர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு டிரையல் சாஃப்ட்வேரில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், டைம்லைன் (கிளிப்புகளை அடுக்கி வெட்டும் இடம்) திக்கித் திக்கி ஓடுகிறது. கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்கலாம்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், தேவகோட்டை

பதில்: தம்பி, அந்தப் பணத்தை சாஃப்ட்வேருக்குக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் சும்மாவே கிடைக்கிறது. செலவு செய்ய வேண்டியது லேப்டாப்புக்கு.

முதலில் கிராக். நியாய அநியாயம் ஒருபக்கம் இருக்கட்டும். ‘ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’ என்று அதிலேயே எழுதியிருப்பான். கதவைத் திறந்து வை, நான் வருகிறேன் என்று திருடனே சொல்வதற்கு வேறென்ன அர்த்தம்? எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவில் ரான்சம்வேர் (பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டும் வைரஸ்) புகுந்து ஹார்ட் டிஸ்க் மொத்தத்தையும் பூட்டிவிட்டது. உள்ளே டெலிவரி கொடுக்காத கல்யாணங்கள் இருந்தன. இன்னொரு தாலி கட்டச் சொல்லி எடுக்க முடியுமா?

எடியஸ் நல்ல சாஃப்ட்வேர்தான், மறுக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு இல்லாத மிஷினிலும் பல கேமரா ஃபுட்டேஜை ஒரே டைம்லைனில் ஓட்டும். ஆனால் ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கினால் உங்கள் பட்ஜெட் எங்கேயோ நின்றுவிடும். இன்னொரு எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியர் ப்ரோவை அடோபி 2013-லிருந்து சந்தாவுக்குத்தான் தருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் ஆர்டர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் மாத வாடகை ஓடிக்கொண்டேயிருக்கும்.

‘டாவின்சி ரிசால்வ் இலவசமாச்சே’ என்று பத்துப் பேர் சொல்வார்கள். உண்மைதான். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் தருகிறது. இலவசப் பதிப்பிலேயே யூஎச்டி 4கே வரை வெளியே எடுக்கலாம், வாட்டர்மார்க் வராது. ஸ்டூடியோ பதிப்புக்கு 295 டாலர், ஒரு தடவை கட்டினால் போதும். கலர் கரெக்‌ஷனில் அதற்கு இணை குறைவு. ஆனால் அது 16 ஜிபி ராமும் தனி கிராபிக்ஸ் கார்டும் கேட்கும். உங்கள் லேப்டாப்பில் போட்டால் திறப்பதற்குள் காபி குடித்துவிட்டு வரலாம். நல்ல மிஷின் வாங்கும் நாளில் அதற்கு மாறுங்கள்.

இப்போதைக்கு கேடென்லைவ் அல்லது ஷாட்கட். இரண்டுக்கும் அடியில் ஓடுவது எம்எல்டி என்ற ஒரே இஞ்சின். இரண்டும் ஓப்பன் சோர்ஸ். வாட்டர்மார்க் கிடையாது, நாள் கணக்கு கிடையாது. காசுக்கு ஆர்டர் எடுத்துச் செய்யலாமா என்ற சந்தேகமும் வேண்டாம், தாராளமாகச் செய்யலாம். நீங்கள் எடியஸ் பழகியவர், நிறைய டிராக் வைத்து வேலை செய்கிற கை. உங்களுக்கு கேடென்லைவ்தான் என் சிபாரிசு. ஷாட்கட் இன்னும் எளிது, ஆனால் பெரிய டைம்லைனில் எனக்கு அது கொஞ்சம் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

ஒரு நஷ்டம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பென் டிரைவில் விற்கிறார்களே ரெடிமேட் எடியஸ் ப்ராஜெக்ட், அதெல்லாம் இதில் திறக்காது. அதோடு வரும் பிஎன்ஜி ஃப்ரேம்களும் பின்னணி தெரியாத பூத்தூவல் கிளிப்புகளும் பெரும்பாலும் வேலை செய்யும். மற்றதை விட்டுத்தள்ளுங்கள். இதயத்துக்குள் மாப்பிள்ளை பெண் சுழலும் ப்ராஜெக்ட் இல்லாமலும் விழா நன்றாகத்தான் இருக்கும்.

இனி டைம்லைன் திக்குவதைப் பார்ப்போம். குற்றம் அநேகமாக சாஃப்ட்வேர்மீது இல்லை. இன்றைய கேமராவில் 4கே, 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வைத்து எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வரும். அதை ஐ3 நேரடியாகப் பிரித்துக் காட்டுவதற்குள் மூச்சு வாங்கும். கேடென்லைவில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸுக்குப் போய் ப்ராக்ஸியை ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்னதாக ஒரு நகல் தயாராகும். ராத்திரி இம்போர்ட் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் ரெடியாக இருக்கும். நீங்கள் வெட்டுவது நகலில். ரெண்டர் (கடைசி வீடியோ) ஆவது ஒரிஜினலில். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழும் அந்த ஒரு நொடியை முன்னும் பின்னும் தேடும்போது வித்தியாசம் தெரியும். நடுவில் ஒரிஜினல் ஃபைல்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடாதீர்கள். அப்புறம் கேடென்லைவ் ‘எங்கே என் கிளிப்’ என்று கேட்கும்.

குடும்பத்தார் டிவியிலும் போனிலும்தான் பார்க்கப்போகிறார்கள் என்றால் 4கே வேண்டாம், 1080-ல் (ஃபுல் எச்டி) எடுப்பதே போதும்.

சரி, 5,000 ரூபாய். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் ‘மெமரி’யைப் பாருங்கள். எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ஒன்று காலியென்றால் இன்னொரு 8 ஜிபி. விண்டோஸ் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், ராமைவிட எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) தான் முதலில். ராம் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, இரண்டு கடையில் கேட்டு வாங்குங்கள். சில லேப்டாப்பில் ராமை போர்டோடு ஒட்டியே விட்டிருப்பார்கள். அப்படியானால் கடைக்காரர் என்ன சொன்னாலும் எஸ்எஸ்டி-யோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தமிழ் எழுத்து. எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் முதல் வேலையாக டைட்டிலில் ‘கௌரி, ஸ்ரீதேவி, கொடைக்கானல்’ என்று அடித்துப் பாருங்கள். கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் பிரிந்து நின்றால் அது யூனிகோட் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை. பிரீமியரில் இதற்கென்றே தெற்காசிய எழுத்து இஞ்சினை செட்டிங்ஸில் மாற்ற வேண்டியிருக்கும். கேடென்லைவ் டைட்டிலில் ஒழுங்காக வரும். ஸ்டூடியோவில் பாமினி ஃபான்ட்டில் அடித்துப் பழகியிருப்பீர்கள், அது யூனிகோட் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டையும் கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள், காசில்லை. எங்காவது எழுத்து உடைந்தால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை சாஃப்ட்வேரில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி-யாக எடுத்து டைம்லைனில் வைத்தால் முடிந்தது. பெண்ணின் பெயரை உடைத்துப் போட்ட ஆல்பத்துக்கு எந்தத் தகப்பனும் பாக்கிப் பணம் தர மாட்டார்.

கேள்வி: போனில் எடுத்த கல்யாண வீடியோவை கம்ப்யூட்டரில் போட்டால் போகப்போக சத்தமும் படமும் விலகுகிறது. கெட்டிமேளம் கேட்கும்போது தாலி கட்டி முடித்து அட்சதையே விழுந்துவிடுகிறது. கோளாறு எதில்?
– வாசகி, ஆம்பூர்

பதில்: போன்கள் சீரான வேகத்தில் ஃப்ரேம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலும் போன் சூடானாலும் ஃப்ரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும். மண்டபத்தில் இரண்டுமே நடக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேர் சீரான வேகத்தை எதிர்பார்ப்பதால் வருகிற வினை இது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் வீடியோவைப் போட்டு, வீடியோ டேபில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டு பிறகு எடிட் செய்யுங்கள். ஷாட்கட்டில் அப்படிப்பட்ட கிளிப்பைத் திறந்தால் அதுவே ‘மாற்றட்டுமா’ என்று கேட்கும். மாற்றுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் போட்டேன். எம்பி4 எதுவும் ஓடவில்லை. கம்ப்யூட்டரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். எம்பி4 ஃபைலுக்குள் பெரும்பாலும் இருப்பது எச்.264 என்ற வீடியோ வடிவம், லினக்ஸுக்கான இலவசப் பதிப்பில் அது இல்லை. ஷட்டர் என்கோடர் என்ற இலவச சாஃப்ட்வேரில் வீடியோவை டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கும் ஆடியோவை பிசிஎம் வடிவத்துக்கும் மாற்றினால் ஓடும். ஃபைல் பல மடங்கு பெருக்கும், ஹார்ட் டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.