ஓட்டைப் பிரிக்கும்போதே சோலாருக்கும் வழி செய்யுங்கள்

கேள்வி: திருமங்கலத்தில் என் தந்தையார் 1978-ல் கட்டிய சீமை ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். கைமரங்களில் கரையான் ஏறிவிட்டதால், ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போடப் போகிறோம். இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 620 யூனிட் மின்சாரம் ஆகிறது. தளம் போட்ட கையோடு சோலார் பேனல் வைத்துவிடலாம் என்கிறான் மகன். ஒரு மழைக்காலம் போகட்டும் என்கிறார் கொத்தனார். யார் சொல்வதைக் கேட்பது? மின் இணைப்பு இன்னும் காலஞ்சென்ற தந்தையார் பெயரில்தான் இருக்கிறது.
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: பேனல் வருவதற்குச் சில மாதங்கள் ஆனாலும் கெடுதல் இல்லை, ஆனால் அதன் கால்கள் ஊன்றுவதற்கான ஏற்பாடு தளம் போடும் அன்றே முடிந்திருக்க வேண்டும். தட்டோடு பதித்துப் பூச்செல்லாம் முடிந்த மாடியில் பிறகு வந்து துளையிட்டு போல்ட் இறக்குவதுதான், இரண்டாவது மழையிலேயே ஒழுகத் தொடங்கும் வீடுகள் பலவற்றுக்குக் காரணம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சுவர்களைப் பாருங்கள். ஓட்டையும் மரத்தையும் தாங்கிய பழைய சுவர் கான்கிரீட் தளத்தின் பாரத்தையும் தாங்கும் என்று வாய்ச்சொல்லை நம்பி இறங்காதீர்கள். பொறியாளர் ஒருவரை அழைத்து, அடித்தளத்தையும் சுவரின் கனத்தையும் காட்டி, தூண் எழுப்ப வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடமே சோலார் பற்றியும் சொல்லிவிடுங்கள். உங்கள் செலவு நாளொன்றுக்குப் பத்து யூனிட் அளவு. நம் பகுதியில் 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும் என்பதால் 3 கிலோவாட் போதும். ஏறத்தாழ ஆறு பேனல்கள், நிழல் விழாத 300 சதுர அடி இடம். ஒரு பேனல் 28 கிலோ அளவில்தான் இருக்கும். ஆகவே பாரத்தைக் காட்டிலும் காற்றுக்குத்தான் அஞ்ச வேண்டும். ஆடிக் காற்று பேனலுக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும். அந்த இழுப்பைத் தாங்குவது தளத்தோடு பிணைந்த கம்பிதான்.

ஆகவே கம்பி கட்டும்போதே, சோலார் வைப்பவரை ஒருமுறை வரவழைத்துக் கால்கள் வரும் இடங்களைக் குறித்து, கூடுமானவரை உத்திரத்தின் மேலோ சுவரின் மேலோ அமையும்படி செய்து, அந்த இடங்களில் கம்பிகளை மேலே நீட்டிவிடச் சொல்லுங்கள். பிறகு அவற்றைச் சுற்றி ஓர் அடி உயரச் சிறு கான்கிரீட் பீடங்கள் எழுப்பி, செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் பீடத்தைத் தழுவி ஏறுமாறு முடித்தால், தளத்தில் ஒரு துளைகூட விழாது. ஒயர் இறங்குவதற்கான பைப்பையும் அப்போதே புதைத்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர்த் தொட்டி. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கு மூலையில்தான் தொட்டி வைக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். அங்கே வைத்தால், குளிர் மாதங்களில் பிற்பகல் முழுவதும் நிழல் வடகிழக்காக நீளும். மார்கழி நண்பகலிலேயே ஆறடித் தொட்டியின் நிழல் வடக்கே நான்கு அடி விழுகிறது. பேனல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்படுவதால், ஒன்றில் படும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடக்கூடும். வழக்கத்தை விட மனமில்லையென்றால் பேனல்களைத் தொட்டியிலிருந்து தள்ளித் தெற்கு நோக்கிச் சுமார் பத்து டிகிரி சாய்த்து வையுங்கள். வற்றல் காயவைக்க மாடி வேண்டும் என்று வீட்டுப் பெண்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. அவர்களுக்கு வெயில் படும் ஒரு பக்கத்தை ஒதுக்கிவிட்டுத்தான் மீதி இடத்தை அளக்க வேண்டும்.

கொத்தனார் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. தளத்தில் பாத்தி கட்டி மூன்று வாரமாவது தண்ணீர் நிறுத்துங்கள். 28 நாளுக்கு முன் எதையும் ஏற்ற வேண்டாம். சித்திரை, வைகாசியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் எல்லா வேலையும் முடிந்துவிடும். தட்டோடு பதித்த பின் ஒரு நாள் தண்ணீர் கட்டி ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மின் இணைப்பின் பெயர் மாற்றத்துக்கு இன்றே விண்ணப்பியுங்கள். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ வைத்தால் மொத்தம் 78,000 ரூபாய் என்று மானியம் உண்டு; விண்ணப்பதாரர் பெயரும் இணைப்பின் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் வேலை தடையின்றி நகரும். இந்திய செல்களால் ஆன பேனலுக்கும், பதிவு பெற்ற நிறுவனம் செய்யும் வேலைக்கும் மட்டுமே இது கிடைக்கும். கூரைச் செலவு இதில் சேராது என்பதால், இரண்டுக்கும் தனித்தனி ரசீது வாங்குங்கள்.

கேள்வி: பகலில் மின்தடை ஏற்பட்டால் சோலார் மின்சாரம் வீட்டுக்குக் கிடைக்குமா?
— ஒரு வாசகி, மேலூர்

பதில்: மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் சாதாரண அமைப்பில் கிடைக்காது. வீட்டிலிருந்து வாரியக் கம்பிக்குப் பாயும் சோலார் மின்சாரத்தால், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்து நேரக் கூடாது என்பதற்காக, வாரிய மின்சாரம் நின்றவுடன் சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். மின்தடையிலும் வேண்டுமென்றால் பேட்டரி இணைக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை, செலவு கூடும். வீட்டில் ஏற்கெனவே விளக்குக்கும் விசிறிக்கும் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால், அது முன்போலவே இயங்கும்.