பொண்ணு இமிக்ரேஷன் லாயர் ஆவணும்னா என்ன படிக்கணும்? தண்டையார்பேட்டை அக்காவுக்கு

அக்கா, மெசேஜ் பாத்தேன். பொண்ணு ப்ளஸ் டூ காமர்ஸ், அமெரிக்கால இருக்கற ஒரு இமிக்ரேஷன் லாயரோட, அதாவது விசா, குடியேற்ற கேஸ் பாக்கற வக்கீலோட, ப்ரொஃபைல பாத்துட்டு நானும் இப்டித்தான் ஆவேன்னு ஒத்தக்கால்ல நிக்குது, நம்ம ஏரியால இருந்துகினு இதெல்லாம் ஆவுமான்னு கேக்கறீங்க. ஆவும். ஆனா அந்த ப்ரொஃபைல மொதல்ல ஒழுங்கா படிக்க சொல்லுங்க. கோட்டு போட்ட போட்டோ, இருவது வருஷ அனுபவம்ங்கற வரி, ரெண்டையும் வுட்டுட்டு அவங்க எந்த பார்ல, அதாவது வக்கீலா பதிவு பண்ற அமைப்புல, எந்த வருஷம் சேந்தாங்க, அந்த அனுபவம் எந்த மாதிரி கேஸ்லன்னு பாக்கணும்.

ஒருத்தர் காலம் பூரா எச்-1பி மாதிரி கம்பெனி விசாவுக்கு பேப்பர் ரெடி பண்ணியே இருப்பாரு, இன்னொருத்தர் அசைலம், அதாவது அடைக்கலம், கேட்டு வந்தவங்களுக்காக இமிக்ரேஷன் கோர்ட்ல ஜட்ஜ் முன்னாடி நின்னிருப்பாரு, போர்டுல ரெண்டு பேரும் இமிக்ரேஷன் லாயர்தான், பொழப்பு வேற வேற. பொண்ணுக்கு இதுல எது இஷ்டம்னு கேட்டீங்களா? அங்க இந்த சட்டம் மத்திய அரசோடது, அதனால நியூயார்க் லைசென்ஸ வச்சுகினு டெக்சாஸ்ல உக்காந்தும் இந்த கேஸ் பாக்கலாம். ஏஐஎல்ஏ மெம்பர்னு போட்டிருந்தா அது இந்த வக்கீல்ங்களோட சங்கம், நல்ல விஷயந்தான், ஆனா லைசென்ஸ் ஆவாது.

சரி, படிப்பு. இங்க மொதல்ல முழு வக்கீல் ஆவணும், இமிக்ரேஷன்லாம் அதுக்கப்புறம். அஞ்சு வருஷ சட்டப்படிப்புக்கு எந்த க்ரூப்பா இருந்தாலும் ஓகே. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துல ப்ளஸ் டூ மார்க்க வச்சுத்தான் சீட்டு, திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம்னா கிளாட்ங்கற நுழைவுத் தேர்வு எழுதணும். பட்டறைப்பெரும்புதூர்ல கவர்மென்ட் லா காலேஜ் இருக்கு, திருவள்ளூர் வரைக்கும் லோக்கல் ட்ரெயின், அங்கேந்து பஸ்ஸு, அலைச்சல்தான் ஆனா ஃபீஸ் கையக் கடிக்காது. முடிச்சதும் நம்ம பாரிமுனை ஐகோர்ட் வளாகத்துல இருக்கற பார் கவுன்சில்ல பதிவு பண்ணணும், பொதுப்பிரிவுக்கு 750 ரூபா, எஸ்சி எஸ்டிக்கு 125 ரூபா, அதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2024ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அப்புறம் ஆல் இந்தியா பார் எக்ஸாம்.

உடனே வீட்ட அடமானம் வச்சு ஃபாரின் அனுப்பாதீங்க. நெறைய பேரு அங்க ஒரு வருஷம் எல்எல்எம்ங்கற சட்ட மேல்படிப்பு பண்ணிட்டு நியூயார்க் பார் எக்ஸாம் எழுதறாங்க, வழி இருக்கு, ஆனா செலவு லட்சக்கணக்குல, அதுக்கு முன்னாடி ஒரு சீனியர்கிட்ட ரெண்டு மூணு வருஷம் ஜூனியரா இருக்கட்டும். இங்கயும் வேலை இருக்குக்கா. 1946 ஃபாரினர்ஸ் ஆக்ட்டோட சேத்து பழைய நாலு சட்டத்த தூக்கிட்டு, வெளிநாட்டுக்காரங்க இங்க வர்றது, தங்கறது பத்தி புதுசா ஒரே சட்டம் 2025 செப்டம்பர் 1ல இருந்து வந்துருக்கு, சீனியர்ங்களே அத இப்பதான் பொரட்டறாங்க.

இந்த வேலைல வர்ற பிரச்னைக்கு ஒரு சாம்பிள் சொல்றேன். நம்மாளுங்க நெறைய பேருக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கும், அமெரிக்க விசா அடிக்கறப்ப இருக்கற பேர சர்நேம்ல தள்ளிட்டு பேரு எடத்துல எஃப்என்யூன்னு, அதாவது ‘ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்’, பேரு தெரியாதுன்னு போட்டுருவாங்க, அப்புறம் அங்க லைசென்ஸ், பேங்க்கு எல்லாத்துலயும் அதே இம்சை. மார்க் ஷீட்டு, ஆதார், பாஸ்போர்ட்டு மூணையும் பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தா ஒப்பிட்டு பாக்கற பொறுமைதான் இந்த தொழில்ல பாதி. வீட்ல இருக்கறவங்களோடத எடுத்து பொண்ணு கைல குடுங்க, எத்தன வித்தியாசம் கண்டுபிடிக்குதுன்னு பாத்துட்டு மார்க் ஷீட்டோட ஒரு சனிக்கிழம கூட்டிகினு வாங்க.